செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் கடை: பெயர்ப்பலகையை எப்படி அமைப்பது?

கேள்வி (பலகாரக் கடைக்காரர்):
கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பை வாடகைக்கு எடுத்துப் பலகாரக் கடை தொடங்க இருக்கிறோம். 12 அடி நீளத்துக்கு ஏசிபி ஷீட் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அடித்து, அதன் மேல் எல்இடி எழுத்து பதித்தால்தான் சுற்றுலா வருகிறவர்கள் கண்ணில் படும் என்கிறார் போர்டு செய்பவர். அப்படிச் செய்தால் வாசலுக்கு மேலுள்ள கஜலட்சுமி சுதைச் சிற்பம் (சுண்ணாம்புக் காரையால் செய்தது) முழுவதும் மறைந்துவிடும். வீட்டுக்காரருக்கும் அதில் சம்மதம் இல்லை. வேறு என்ன வழி இருக்கிறது?

பதில் 1 (கட்டடக் கலைஞர்):
வீட்டுக்காரர் பக்கமே நியாயம் இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற ஊர் அது. சுதையைப் பார்க்க வருகிறவர்களை, அதை மறைத்து அழைப்பானேன்? தெருவின் அமைப்பையும் கவனியுங்கள். செட்டிநாட்டுத் தெருக்கள் நேராக நீண்டு செல்வதால், சுவரோடு ஒட்டிய பலகை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எதிரே வந்து நிற்பவருக்கே முழுமையாகத் தெரியும். சுவருக்குக் குறுக்காகத் தெருப்பக்கம் நீட்டித் தொங்கவிட்ட இரண்டரை அடிப் பலகையையோ, இரு திசையிலிருந்து வருகிறவர்களும் தொலைவிலேயே படித்துவிடலாம். ஓர் அங்குல உயர எழுத்தை 10 அடித் தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ‘ணை’, ‘ளை’ போன்றவற்றின் சுழிகள் தொலைவில் அடைத்துக்கொண்டதுபோல் தெரியும் என்பதால், தமிழுக்கு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்; எழுத்தின் உயரம் ஐந்து அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

பதில் 2 (போர்டு எழுதுபவர்):
சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் அடிக்க விடாதீர்கள். காரை உதிர்வதோடு, துளை வழியாக மழைநீரும் உள்ளே இறங்கும். திண்ணைத் தூணில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டு, அதிலிருந்து இரும்புச் சட்டத்தை நீட்டலாம். தகட்டில் எனாமல் பெயிண்டால் கையால் எழுதினால், பிளெக்ஸ் போல விரைவில் வெளுக்காது. பழமை தெரிய வேண்டும் என்று மயில், கோபுரம், யானை என்று நிரப்பிவிடாதீர்கள். அந்த வேலையை வீடே செய்கிறது. பிற மொழியும் எழுதுவதானால், 1948-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது நடைமுறை அளவு.

பதில் 3 (விடுதி நடத்துபவர்):
இவையெல்லாம் பகலுக்குச் சரி. பலகார வியாபாரம் மாலையில்தானே சூடு பிடிக்கும்? எல்இடி வேண்டாம் என்று ஒதுக்கிவிடாமல், பலகையின் மேல்விளிம்பில் மூடியிட்ட இரண்டு மஞ்சள் எல்இடி விளக்குகளைக் கீழ்நோக்கி எரியவிடுங்கள். எழுத்தும் தெரியும், எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களின் கண்ணும் கூசாது. வயரைச் சுதை மேல் இழுக்காமல் தூணின் பின்புறமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.