ஏத்தத்துல முள் ஏறுது, திடீர்னு விழுது: கரோலா 121 உண்மையிலேயே சூடாகுதா, சென்சர் பிழையா?

கம்பளை121 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கார் கரோலா 121, 1.5 பெற்றோல், 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர். கம்பளை, பேராதனைப் பக்க ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. சூட்டு மீற்றர் முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழ அசையாம நிக்கும். நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் பிரச்சினை.

புசல்லாவ தாண்டி இறம்பொடை ஏத்தம் பிடிச்சதும், ஏசி போட்டு 4 பேரோட போனா முள் மெதுவா முக்கால் வரைக்கும் ஏறுது. ஏசியை நிப்பாட்டினா கொஞ்சம் இறங்குது. இது ஒண்ணு. இன்னொண்ணு, சில நேரம் முள் பட்டுன்னு கீழ விழுந்து ரெண்டு மூணு செக்கன்ல பழைய இடத்துக்கே வருது. அதோட சில நாள் காலையில, எஞ்சின் பச்சத்தண்ணி மாதிரி குளிர்ந்திருக்கும்போதே, ஸ்டார்ட் பண்ணின உடனே ரேடியேட்டர் விசிறி முழு வேகத்துல சுத்துது.

ஸ்கேனர்ல பி0118ன்னு ஒரு பிழைக் கோட் வருது. அழிச்சா போய், ரெண்டு நாள்ல திரும்ப வருது. ரிசர்வ் டேங்க்ல கூலன்ட் ஃபுல் கோட்டுக்கு மேலயே இருக்கு, அதனால தண்ணி குறையலன்னு நினைக்கிறேன். ஒரு கராஜ்ல கூலன்ட் சூட்டை அளக்கிற சென்சரை மாத்தினாங்க, மாற்றம் இல்ல. இப்ப தேர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி வழியைத் திறந்து மூடுற வால்வு) கழட்டிட்டு ஓடச் சொல்றாங்க. கழட்டலாமா?

ஏத்தம்இறக்கம் பதில்:

கழட்டாதீங்க தம்பி. இந்த எஞ்சின்ல தேர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், ரேடியேட்டர்ல ஆறின தண்ணி எஞ்சினுக்குள்ள நுழையிற வாயில இருக்கு. இப்படி நுழைவு வாயில இருக்கிற பல தேர்மோஸ்டாட்டுகள்ல அடியில ஒரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் வழியை மூடும். மொத்தமா கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குள்ள திரும்பிச் சுத்தும். ஏத்தத்துல சூடு குறையிறதுக்குப் பதிலா கூடலாம். இறக்கத்துலயும் நுவரெலியாக் குளிர்லயும் நேர்மாறா எஞ்சின் சூடே ஏறாது. பெற்றோல் இழுக்கும், ஒயில்ல ஈரம் தங்கும், பிறகு எஞ்சின் போதிய சூட்டுக்கு வரலன்னு சொல்ற பி0128 கோட் வேற வந்து நிக்கும்.

உங்க விவரத்துல ரெண்டு கோளாறு ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. முள் மெதுவா ஏறுறதும், ஏசி நிப்பாட்டினா இறங்குறதும் உண்மையான சூடு. பட்டுன்னு விழுந்து ஏறுறது கரண்ட் விஷயம். 5 லீட்டர் தண்ணியும் ஒரு எஞ்சின் உலோகமும் ரெண்டு செக்கன்ல ஆறிச் சூடேறாது. சென்சரை மாத்தியும் தீராததுக்குக் காரணம், எது எந்தக் கோளாறுன்னு பிரிக்காம சாமான் மாத்தினதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஏத்தத்துல முள் உச்சிக்குப் போய், அப்புறம் பத்து இருபது செக்கன்ல தானா கீழ இறங்கிச்சுன்னா நிம்மதியா ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. தண்ணி வெளியே போய் சென்சர் முனை காத்துலயும் ஆவியிலயும் நிக்கிறப்ப இப்படித்தான் இறங்கும். ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) அந்த நேரம் வெந்துக்கிட்டிருக்கும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிப்பாட்டணும். அரை மணிக்கு மேல ஆறவிட்டுத்தான் மூடியில கை வைக்கணும். ஓரத்துல ஓடுற அருவித் தண்ணியைப் பிடிச்சுக் கொதிக்கிற எஞ்சினுக்குள்ள ஊத்தினா ஹெட் வளையும், வெடிப்பும் விழும்.

முதல் வேலையா, காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ள பாருங்க. ரிசர்வ் டேங்கைப் பார்த்து ரேடியேட்டர் நிறைஞ்சிருக்குன்னு முடிவு கட்டக்கூடாது.

ஹட்டன்_வயரிங் பதில்:

மேலே சொன்னதில் கரண்ட் பக்கத்தை நான் எழுதுகிறேன். பி0118 என்றால் சென்சர் கெட்டது என்று பொருள் இல்லை. சென்சர் சுற்றில் வோல்டேஜ் கூடிவிட்டது, அதாவது எங்கோ சுற்று திறந்து போகிறது என்று பொருள். வயர், பின், கனெக்டர், சென்சர், ஏர்த் எல்லாம் அந்தச் சுற்றுக்குள் அடக்கம்.

சென்சர் சூடேற ஏற அதன் ஓம் குறையும். டொயோட்டாவின் இந்த வகைச் சென்சர் 20 பாகையில் ஏறத்தாழ 2.3 முதல் 2.6 கிலோ ஓம், 80 பாகையில் 310 முதல் 326 ஓம் காட்ட வேண்டும். சுற்று அறுந்தால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை மைனஸ் 40 பாகை என்று படிக்கும். அதனால்தான் முள் பட்டென்று விழுகிறது. பிழையை உணர்ந்த ஈசியூ சென்சரை நம்பாமல் பாதுகாப்புக்காக விசிறியை ஓட விடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் விசிறி சுற்றுவது இதனால்தான்.

சோதிக்கும் முறை: சாவியை ஓன் செய்து ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைத் திறந்து வையுங்கள். கனெக்டரைக் கழற்றினால் மைனஸ் 40 காட்ட வேண்டும். வயர் பக்கக் கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய கம்பியால் இணைத்தால் 140 அளவுக்கு ஏற வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வயரும் ஈசியூவும் அந்த நேரத்தில் நல்ல நிலையில் இருக்கின்றன. கனெக்டரைத் திரும்பப் பொருத்தி, எஞ்சின் ஓடும்போது கனெக்டரையும் அதிலிருந்து ஒரு சாண் தூரத்து வயரையும் மெல்ல ஆட்டுங்கள். எண் குதித்தால் கோளாறு அந்த இடத்தில்தான்.

இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். பின்னில் பச்சை பிடித்து 300 ஓம் தடை கூடினால், 80 பாகையில் சென்சரின் 320 உடன் சேர்ந்து 620 ஓம் ஆகிறது. ஈசியூ எஞ்சின் 60 பாகையில்தான் இருக்கிறது என்று நினைக்கும். கோட் எதுவும் வராது. முள்ளும் குறைவாகக் காட்டும், விசிறியும் தாமதமாகத்தான் ஓடும். கரண்ட் பிழை உண்மையான சூட்டை உண்டாக்குவது இப்படித்தான். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இதையாவது பாருங்கள்: இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் இரண்டு மூன்று பாகை வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆறாயிரம்அடி பதில்:

நம்ம மலைக்கு மட்டும் உரிய ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே திறந்த சட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 115 தாண்டும்வரை கொதிக்காது, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே. விசிறி பல கார்களில் 93 முதல் 98 பாகைக்குள்தான் ஓடத் தொடங்கும். மூடியின் ரப்பர் செத்து, உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால், விசிறி ஓட வேண்டிய சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். கொழும்பில் வருடக் கணக்கில் தெரியாமல் இருந்த மூடிக் கோளாறு நுவரெலியா வழியிலுள்ள லபுக்கலையில் வெளியே வருவது இதனால்தான். அந்த நேரம் முள் நடுவில் நிற்கவும் கூடும், ஏனென்றால் 94 பாகை முள்ளுக்குச் சாதாரண சூடு. ரிசர்வ் டேங்கில் குபுகுபுவென்று சத்தம், முள் நடுவில் என்றால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

மூடிக்கு இரண்டு வேலை. சூட்டில் அழுத்தம் கூடினால் மிச்சத்தை ரிசர்வ் டேங்குக்கு விடும். ஆறும்போது நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாகும், ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். புது மூடி வாங்கும்போது பழையதில் அழுத்த அளவாக 0.9 அல்லது 1.1 என்று எது எழுதியிருக்கிறதோ அதே எண்ணைக் கேளுங்கள். கூட்டி வாங்கினால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை விரியும்.

தேர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு: 82 என்று அச்சடித்தது 80 முதல் 84க்குள் திறக்கத் தொடங்கி, 95இல் எட்டரை மில்லிமீற்றராவது திறந்திருக்க வேண்டும். நுவரெலியா அடுப்பில் 95 வராது. கடைசி அரை மில்லிமீற்றர் குறைகிறது என்று நல்ல சாமானை எறிந்துவிடாதீர்கள்.

கம்பளை121 எழுதியது:

எல்லாம் பார்த்தாச்சு. காலையில ஸ்டார்ட் பண்ண முன்ன கூலன்ட் 22, காத்து 22. சென்சர் 2.3 கிலோ ஓம். கனெக்டரைக் கழட்டினா மைனஸ் 40, ரெண்டு பின்னையும் சேர்த்தா 140. ஆனா கனெக்டரை ஆட்டினா எண் மைனஸ் 40க்கும் 80க்கும் தாவுது. லொக் நாக்கு உடைஞ்சிருக்கு, ஒரு பின்ல பச்சை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணி கண்ணுக்கே தெரியல! 1.1 லீட்டர் பிடிச்சுது, அந்த நேரமும் ரிசர்வ் டேங்க் ஃபுல். மூடியின் கீழ் ரப்பர் கல்லு மாதிரி இறுகி வெடிச்சிருக்கு. அடுத்து என்ன செய்யணும்?

ஹட்டன்_வயரிங் பதில்:

புது கனெக்டரை வயர் துண்டோடு வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்ற வேண்டாம், எஞ்சின் சூட்டில் டேப் உருகிக் கழன்றுவிடும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். இரண்டு இணைப்பையும் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்றோடொன்று உரசாது. கராஜில் போட்ட புதுச் சென்சர் நல்லது, அதை விட்டுவிடுங்கள்.

ஏத்தம்இறக்கம் பதில்:

முதல்ல புது மூடி. அப்புறம் காத்து எடுக்கணும், 1.1 லீட்டர் குறைஞ்ச இடத்துல காத்துதான் அடைஞ்சிருக்கும். நம்ம ஊர்ல சரிவான ரோட்டுக்குக் குறைவில்ல, காரின் முகம் மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க, ரேடியேட்டர் வாய் உயரத்துல வரும். சக்கரத்துக்குக் கல் வைங்க. ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்க. மூடி இடத்துல ஒரு புனலை இறுக்கி வச்சு, நிரப்பி, எஞ்சினை ஐட்லிங்ல விட்டு மேல் ஹோஸைத் துணி சுத்திப் பிடிச்சு அமுக்கி அமுக்கி விடுங்க. குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. கீழ் ஹோஸ் சூடானா தேர்மோஸ்டாட் திறந்துட்டுதுன்னு அர்த்தம். பிறகு நிமிஷத்துக்கு 2000 சுத்து வேகத்துல ஒரு நிமிஷம், ஐட்லிங்ல ஒரு நிமிஷம்னு மாத்தி மாத்தி விட்டு, குமிழி நின்னதும் எஞ்சினை நிப்பாட்டி மூடுங்க. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் கலந்தே வருது, அதுக்குத் தண்ணி சேர்க்கக்கூடாது. செறிவான வகைன்னா காய்ச்சி வடித்த தண்ணி பாதி. உள்ள இருக்கிறது என்ன வகைன்னு தெரியாட்டி முழுசா இறக்கி மாத்திடுங்க.

அதோட ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில டோர்ச் அடிச்சுப் பாருங்க. பூச்சியும் சேறும் அங்கதான் அடையும். எஞ்சின் பக்கத்துல இருந்து முன்னுக்கு, வேகம் குறைச்ச தண்ணி அடிச்சுக் கழுவுங்க. இறம்பொடை வளைவுகள்ல 20, 25 வேகத்துல ஏறும்போது முன்காத்துக் கிடையாது, முழுப் பாரமும் விசிறி மேலதான். ஏசி போட்டதும் விசிறி ஓடுதான்னு பார்த்து வைங்க.

ஹெட் கேஸ்கட்டையும் (ஹெட்டுக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு) ஒதுக்கிடாதீங்க, டேங்க் நிறைஞ்சு ரேடியேட்டர் குறையிறதுக்கு அதுவும் காரணமாகும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, இல்ல காத்து எல்லாம் எடுத்த பிறகும் குமிழி நிக்காம வந்தா, நீல மருந்து வச்சு வாயு சோதனை செய்யச் சொல்லுங்க. நீலம் மஞ்சளானா கேஸ்கட். ஒயில் ஊத்துற மூடிக்குக் கீழ மட்டும் பால் மாதிரி படிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், குளிர் ஊர்ல கிட்டத் தூரம் மட்டும் ஓடுற கார்ல ஈரம் அப்படித்தான் தங்கும். ஒயில் அளக்கிற டிப்ஸ்டிக்ல பால் மாதிரி இருந்தாத்தான் கோளாறு.

இதெல்லாம் முடிச்சு ஒரு தடவை புசல்லாவ வரைக்கும் மட்டும் ஏறிப் பாருங்க, ஸ்கேனரை மாட்டிக்கிட்டு. திரும்பி வந்து டேங்க் மட்டத்துல ஒரு கோடு போடுங்க. மறுநாள் காலையில ரேடியேட்டர் வாய் வரைக்கும் தண்ணி நின்னு, டேங்க் கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா மூடி வேலை செய்யுது, அடுத்த வாரம் நுவரெலியா போகலாம். ரேடியேட்டர் திரும்பவும் குறைஞ்சு டேங்க் கோட்டுலயோ அதுக்கு மேலயோ நின்னா, கேஸ்கட் சோதனை முடியும்வரை ஏத்தத்துக்குக் கொண்டு போகாதீங்க.