மறுமொழி: ரஸ்ட் ஆவணத்தில் 'பாரோ' – கடனா, இரவலா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் ஆவணத்தைத் தமிழாக்குகையில், ஒரு மதிப்பை உடைமை மாறாமல் சற்று நேரம் பயன்படுத்துவதைக் குறிக்கும் 'பாரோ' (borrow) என்னும் கருத்துக்குத் தாங்கள் முன்மொழிந்த 'கடன்' எல்லோரும் அறிந்த சொல்தான். ஆயினும் இவ்விடத்தில் அது பொருளையே புரட்டிவிடும் என்று அஞ்சுகிறேன்.

கடனாகப் பெற்ற பணம் பெற்றவருக்கே உரியதாகிவிடுகிறது. அதைச் செலவழித்துவிட்டு அதே மதிப்புள்ள வேறு பணத்தை அவர் திருப்பித் தருகிறார். அடுத்த வீட்டில் வாங்கிய அண்டாவோ அவர்களுடையதாகவே இருக்கிறது. அதையேதான் திருப்பித் தர வேண்டும், அதை விற்க நமக்கு உரிமையில்லை. ரஸ்டில் நடப்பது இதுவே. மதிப்பின் உடைமை ஒரு மாறியிடம் இருக்க, நிரலின் வேறொரு செயற்கூறு அதைச் சற்று நேரம் பயன்படுத்திக்கொள்கிறது; நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு, உடைமையுள்ள அந்த மாறியை விட்டு நகர்வதில்லை. இதற்குத் தமிழில் 'இரவல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைத்தால் இது வெறும் சொல்நயம் அன்று என்பது விளங்கும். 1991-இல் தொடங்கி சி மொழியிலேயே வளர்ந்த அத்திட்டத்தில், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான் ரஸ்டுக்கு இடம் கிடைத்தது. ஒரு சுட்டி காட்டும் நினைவக இடத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதை சி மொழி கட்டாயப்படுத்துவதில்லை. அது பெரும்பாலும் குறிப்புரைகளிலும் பராமரிப்பாளர்களின் பழக்கத்திலுமே தங்கியிருக்கிறது. பழைய சி நிரலை ரஸ்டிலிருந்து அழைப்பதற்காக அதன்மீது ரஸ்ட் உறை எழுதுகிறவர் அந்த எழுதா வழக்கத்தைக் கேட்டறிந்து, ரஸ்டின் தரவு வகைகளாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த உரையாடலில் சி அறிந்த ஒருவர் 'கடன்' என்று படித்தால், பெற்றவரே விடுவிக்கலாம் என்று எண்ணக்கூடும். விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடும் பிழை, ரஸ்ட் தடுக்க வந்த அதே பிழை, அங்கிருந்துதான் பிறக்கும்.

நாகர்கோவில் அம்மையார் முன்வைத்த 'குறியெதிர்ப்பை' அழகிய சொல். குறள் 221-இல் அதற்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள், அளவு குறித்து வாங்கி அவ்வாறே எதிர் கொடுப்பது. திரும்புவது அளவே அன்றி அதே பொருள் அன்று என்பதால் அதுவும் கடனின் பக்கமே நிற்கிறது. 'இரவல்' இரத்தலை நினைவூட்டுகிறது என்ற தயக்கத்துக்கு, இரவல் நகை, இரவல் புத்தகம் என்று யாரும் கூசாமல் சொல்லும் வழக்கே விடை.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து படிக்கும் எங்கள் மாணவர்கள் புத்தகத்தையும் 'கடம் வாங்கினேன்' என்றே சொல்வார்கள். இந்த வேறுபாட்டை அவர்களுக்குத் தமிழ்ச்சொல்லே கற்றுத் தரும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இதிலிருந்து 'படிக்க இரவல்', 'திருத்த இரவல்', இந்த விதிகளைத் தொகுப்பியில் சோதிக்கும் பகுதிக்கு 'இரவல் சரிபார்ப்பி' என்பவை இயல்பாக வரும். ஒரே நேரத்தில் படிக்க இரவல் பலருக்குத் தரலாம். திருத்த இரவல் ஒருவருக்கே, அப்போது படிப்பவரும் இருக்கக் கூடாது. உடைமையே இடம் மாறுவதற்குக் 'கைமாற்று' வேண்டாம். அது வட்டியில்லாச் சிறுகடனைக் குறிக்கும் சொல். 'உடைமை மாற்றம்' தெளிவாக இருக்கிறது.

ஓர் இரவல் செல்லுபடியாகும் காலத்தைக் குறிக்கும் 'லைஃப்டைம்' என்பதற்குத் 'தவணை' கடனோடு ஒட்டியது என்பதால் அதையும் விலக்கி, 'ஆயுள்' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் முதல் இயலை அனுப்புமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து