தாத்தா பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் கிடையாது. ஆயாவுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

குடியாத்தம் பேரன் | 11 ஜனவரி 2026

எல்லோருக்கும் வணக்கம். எங்க ஆயாவுக்காக எழுதுறேன்.

சீனப் போருக்கு அடுத்த வருஷம், 1963-ல, தாத்தா பட்டாளத்துல சேர்ந்தார். ஏ.எஸ்.சி.யில், அதான் பட்டாளத்துக்குச் சாமான் கொண்டு போற பிரிவுல, டிரைவர். 65, 71 ரெண்டு சண்டையிலும் வண்டி ஓட்டினவர். 1972-ல ஊருக்கு வந்துட்டார். ஒன்பது வருஷ சர்வீஸ் என்பதால பென்ஷன் இல்லைன்னு சொல்லுவார். அப்புறம் தீப்பெட்டி கம்பெனி லாரி ஓட்டினார். 2006-ல தவறிட்டார்.

ஆயாவுக்கு 78 வயசு. அவங்க பேர்ல வருமானம்னு எதுவும் இல்லை. அப்பாவோட சம்பாத்தியத்துலதான் மருந்து மாத்திரை எல்லாம். பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டர்ல விசாரிச்சேன், "பென்ஷனே இல்லாதவருக்கு என்ன கிடைக்கும், விடுப்பா"ன்னு அனுப்பிட்டாங்க. அதோட விட மனசு வரலை. என் தங்கச்சி ஸ்கூல்ல இருந்து படைவீரர் கொடிநாளுக்குக் கொடி எடுத்துட்டு வந்தா, ஆயா முந்தானையிலிருந்து பத்து ரூபாய் அவிழ்த்துக் கொடுக்கும், "தாத்தா வேலைக்கு"ன்னு சொல்லும்.

கையில இருக்கிறது டிரங்க் பெட்டியில பட்டாளத்துல இருந்து அனுப்பினப்போ கொடுத்த டிஸ்சார்ஜ் புக், நாலு மெடல். புக்கோட முதல் பக்கத்தைச் செல்லரிச்சு, தாத்தாவோட பட்டாள நம்பர்ல பாதி போயிடுச்சு. ஆயா பேர் அதுல ராஜாமணி, ஆதார்ல ராஜம்மாள். எங்கே போய் ஆரம்பிக்கிறது?

ஓய்வு சுபேதார் | 11 ஜனவரி 2026

தம்பி, பென்ஷன் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது தவறு. பென்ஷன் இல்லாதவர்களுக்கென்றே உள்ள உதவியைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெங்களூரு எம்.இ.ஜி., அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் படை ஆள், 28 வருஷ சர்வீஸ். எங்கள் படையில் சிப்பாய்களுக்கே 'தம்பி' என்றுதான் பெயர், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். ஊருக்கு வந்தபின் எங்கள் சங்கத்தில் இந்தக் காகித வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் டிஸ்சார்ஜ் புக்கில், எதனால் வெளியே அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கலர் சர்வீஸ், அதாவது படையில் நேரடியாக வேலை பார்க்கும் காலம், முடித்தவரை வீட்டுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிட ரிசர்வில் பெயரை வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து 15 வருஷம் ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. அப்படி இருந்தால் ஆயாவுக்குக் குடும்ப பென்ஷன் கேட்க வழி இருக்கிறது. தாத்தாவுக்கே இது தெரியாமல் போயிருக்கலாம். இதைப் பார்க்காமல் வேறு எதற்கும் மனு போடாதீர்கள்.

அது இல்லை என்று உறுதியானால், முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் போர்டின் வறுமை நிவாரணம் கேட்கலாம். பெனுரி கிராண்ட் என்று சொன்னால் அலுவலகத்தில் உடனே புரியும். ஹவில்தார் வரையிலான ரேங்க், பென்ஷன் இல்லாதவர் அல்லது அவருடைய விதவை, 65 வயது தாண்டியிருக்க வேண்டும், நிலையான வருமானம் இருக்கக்கூடாது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்குப் புதிய தொகை. உயிரோடு இருக்கும்வரை வரும். இந்தப் பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருவது. உங்கள் ஆயா கொடுத்த பத்து ரூபாயும் அதே கொடிநாளுக்குத்தான்.

மனு ஆன்லைனில்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகாதீர்கள். நேராக வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், ஆயாவையும் கூட்டிக்கொண்டு. முதலில் ஆயாவுக்கு விதவை அடையாள அட்டை போட வேண்டும். அதுதான் வாசல். அசல் காகிதங்களை அவர்கள் சரிபார்த்துப் பரிந்துரைத்தால்தான் மனு டெல்லிக்கு நகரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர் நலத் துறையில் நல அமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நம்மைப் போல் சர்வீஸ் முடித்தவர்தான், கிராமம் கிராமமாகப் போகிறவர். கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர்களுக்குத் தனியாகக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது. ஆனால் பதிவேட்டில் இல்லாத பெயரை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பென்ஷன் வாங்குகிறவர் வருஷா வருஷம் உயிர்ச்சான்று கொடுக்கிறார், கண்ணில் படுகிறார். ஏழெட்டு வருஷத்தில் பெட்டியோடு ஊருக்குத் திரும்பியவரும் அவர் மனைவியும் யார் கண்ணிலும் படுவதில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல் பதித்திருக்கிறார்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். இப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் ஒரு சிப்பாயின் மனைவி 78 வயதுவரை பதிவில்லாமல் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வருத்தம். சங்கத்துக்காரர்களாகிய நாங்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் பென்ஷன்காரர்களுக்கானது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பென்ஷன் இல்லாதவர்களின் சிகிச்சைச் செலவுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை தனியாக உதவி உண்டு. ஆஸ்பத்திரி பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சமீபத்தில் சர்வீஸ் முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். அதற்கும் இதே அலுவலகம்தான்.

பாலாற்றங்கரை லட்சுமி | 12 ஜனவரி 2026

தம்பி, நம்பர் போயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க. மெடலை எடுத்து வெளிச்சத்துல அதோட விளிம்பைச் சுத்திப் பாருங்க.

2021 நவம்பர்ல பாலாறு பெருக்கெடுத்து வந்தப்போ எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அப்பாவோட டிஸ்சார்ஜ் புக் கூழாப் போச்சு. அம்மா அதைத் துணியில சுத்தி வெயில்ல காய வெச்சாங்க, ஒரு எழுத்துகூட மிஞ்சலை. நானும் அம்மாவும் அழுதோம். நல அலுவலகத்துல ஒரு பெரியவர்தான் மெடல் இருக்காம்மான்னு கேட்டார். ஓரத்துல பொடி எழுத்துல நம்பர், ரேங்க், பேர், படைப்பிரிவு எல்லாம் வெட்டியிருந்தது. பல் துலக்குற பிரஷ்ல புளி தொட்டுத் தேய்ச்சப்போ பளிச்சுன்னு தெரிஞ்சது.

போலீஸ் ஸ்டேஷன்ல மனு கொடுத்து ரசீது வாங்கினோம். அந்த நம்பரைப் போட்டு அலுவலகம் மூலமா ரெக்கார்ட்ஸுக்கு, அதான் படைப்பிரிவோட ஆவண அலுவலகத்துக்கு, எழுதினோம். நாலு மாசம் ஆச்சு, ஆனா புக்குக்குப் பதிலாச் சான்று வந்துடுச்சு.

பேர் வித்தியாசத்துக்கு நாங்க நோட்டரிகிட்ட ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு அஃபிடவிட் வாங்கினோம். உங்களுக்கு அது போதுமா, ரெக்கார்ட்ஸ்லயே திருத்தணுமான்னு முதல்ல கேட்டுட்டுச் செலவு பண்ணுங்க. ஆயாவைக் காலையிலேயே சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. எங்கம்மாவுக்கு அங்கே மயக்கம் வந்துடுச்சு.

ஓய்வு சுபேதார் | 12 ஜனவரி 2026

லட்சுமி அம்மா சொன்ன மெடல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. தம்பி, புளி போட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், ரிப்பனில் படக்கூடாது. உங்களுக்கு ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் பெங்களூருவில் இருக்கிறது.

குடியாத்தம் பேரன் | 24 ஜனவரி 2026

ஐயா, அக்கா, நேத்து போயிட்டு வந்தோம்.

மெடல்ல நம்பர் இருந்தது. ஒண்ணுல கடைசி எழுத்து தேய்ஞ்சு போச்சு, சமர் சேவா ஸ்டார்ங்கிற மெடல்ல முழுசா இருந்தது. பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன்.

அங்கே நல அமைப்பாளர் ஆயாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வெச்சு, "அம்மா, ஐயாவோட நம்பர் தெரியுமா?"ன்னு சும்மாதான் கேட்டார். நான் பேப்பரை நீட்டுறதுக்குள்ள ஆயா கடகடன்னு சொல்லிடுச்சு. நம்பர், டிரைவர், பேர், கம்பெனி, "கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ."ன்னு பட்டாளத் தபால் விலாசம் கடைசி வரைக்கும். எங்க யாருக்குமே ஆயாவுக்கு இது தெரியும்னு தெரியாது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா பட்டாளத்துல இருந்தப்போ ஆறு வருஷமா போஸ்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிச் சொல்லி இன்லேண்ட் லெட்டர்ல விலாசம் எழுத வெச்சதாம். மெடல்ல இருந்து நான் எழுதிட்டுப் போனதை வெச்சு அமைப்பாளர் ஒத்துப் பார்த்தார். ஒரு எண்கூட மாறலை.

புக்குல டிஸ்சார்ஜ் காரணம் பக்கத்துல ரிசர்வ்னு ஒரு முத்திரை மங்கலா இருக்காம். எத்தனை வருஷம் ரிசர்வ்ல இருந்தார்னு பெங்களூருவுக்கு எழுதியிருக்காங்க. பதில் வர்ற வரைக்கும் வறுமை நிவாரண மனுவை நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. அடையாள அட்டைக்கு போட்டோ எடுத்தாச்சு, அஃபிடவிட் அடுத்த வாரம்.

எங்க தெருவுக்குப் பின்னாடி இன்னொரு ஆயா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரும் அந்தக் காலத்துல பட்டாளத்துக்குப் போனவர்தானாம். நாளைக்குப் போய் அவங்ககிட்ட மெடல் ஏதாவது இருக்கான்னு கேக்கப் போறேன்.