மூன்றாம் அத்தியாயத்தில் ஐந்து மாதமாக நிற்கிறேன்
முனைவர் பட்ட ஆய்வில் இது நான்காம் ஆண்டு. தரவெல்லாம் தயார், ஆனால் ஐந்து மாதமாக மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. கோப்பைத் திறந்தால் முதல் பத்தியில் ஒரு காற்புள்ளியை எடுப்பதும் மறுபடி வைப்பதுமாகவே பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை.

25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறை இரண்டு வாரம் தாங்கியது. பல்கலைக்கழக உளவள ஆலோசகரிடம் ஆறு அமர்வுகள். தூக்கம் சற்றுத் தேறியது, அதற்குள் அமர்வுகளின் வரம்பு முடிந்துவிட்டது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 12, அதாவது மிதமான மனச்சோர்வு. தொழில் வழிகாட்டல் பட்டறையில் தன்விவரக் குறிப்பு எழுதத்தான் கற்றுக்கொடுத்தார்கள். முடிக்காத பட்டத்தை அதில் எங்கே போடுவது?

விடுப்பு பற்றி நெறியாளரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. விடுப்பு எடுத்துத் திரும்பி வந்து ஆய்வை முடித்தவர்களே, உங்கள் நெறியாளரிடம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்?