ஏர் ரைஃபிள்: பத்து அதிகம் அடித்தும் ரேங்க் கீழே, ஏன்?

கோவை_அப்பா:
மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் கிளப் மேட்ச், 10 மீட்டர். பக்கத்து லேன் பிள்ளையைவிட இவளுக்குத்தான் பத்துகள் அதிகம். ஆனால் ரிசல்ட்டில் அந்தப் பிள்ளை மேலே இருக்கிறாள். கோச்சைக் கேட்டால் "டெசிமல் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். இன்னொன்று, அந்த டிரெஸ்ஸைப் போட்டதும் பிள்ளைகள் எல்லாம் ரோபோ மாதிரி நடக்கிறார்களே, அதற்கெல்லாம் கட்டுப்பாடே கிடையாதா?

முட்டிக்கால்:
பத்துக்குள்ளயே பத்துப் படி இருக்குதுங்க. டார்கெட்டோட நடுப்புள்ளி 0.5 மி.மீ. அகலம், பெல்லட், அதான் ரைஃபிள்ல போடுற சின்னக் குண்டு, 4.5 மி.மீ. பெல்லட் ஓரம் புள்ளியை உரசினாலே 10.0. அதாவது பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ. தள்ளி இருந்தாலும் பத்துதான். அங்கிருந்து 0.25 மி.மீ. உள்ளே வந்தா 0.1 ஏறும், 10.9 வரைக்கும். உங்க பொண்ணு 10.0, 10.1 போட்டா 20.1. அந்தப் பொண்ணு 9.9, 10.8 போட்டா 20.7. முடிஞ்சுது கதை.

2013க்கு முன்னாடி தகுதிச்சுற்றில் முழு எண் மட்டும்தான், ஆண்களுக்கு 600க்கு. பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்ல நம்ம அபினவ் பிந்த்ரா 596, பின்லாந்தின் ஹக்கினன் 598. அன்னிக்கு அந்த ஸ்கோரோடதான் ஃபைனல் ஸ்கோரையும் கூட்டுவாங்க. கடைசிக் குண்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சமம். பிந்த்ரா 10.8 அடிச்சாரு, ஹக்கினன் 9.7. இவருக்குத் தங்கம், அவரு வெண்கலத்துக்கு இறங்கிட்டாரு. இப்போ ஃபைனல் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்து. எனக்கு அது பிடிக்கலை. 60 குண்டு உசுரைக் கொடுத்து அடிச்சவனுக்கு ஃபைனல்ல எட்டு பேர்ல ஒரு இடம்தான் கூலியா?

50 மீட்டர் த்ரீ பொசிஷனில் தகுதிச்சுற்று இன்னும் முழு எண்தான். மண்டி போட்டு 20, படுத்து 20, நின்னு 20. எனக்கு அதுதான் ஆட்டம்.

ரேஞ்ச்_டீ:
ஜாக்கெட்டுக்குக் கட்டுப்பாடு நிறையவே உண்டு சார். துணியின் தடிப்பு 2.5 மி.மீ. தாண்டக் கூடாது, விறைப்பை அளக்கத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். ஷூ அடிப்பாகம் வளைய வேண்டும். அது வளைகிறது என்று காட்டுவதற்காகவே ரேஞ்சுக்குள் குதிகால் ஊன்றிச் சாதாரணமாக நடக்கணும் என்று ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதி இருக்கிறது. வாத்து நடைக்கு முதலில் எச்சரிக்கை, மறுபடி நடந்தால் 2 புள்ளி போச்சு! மேட்ச் முடிந்த பிறகும் சிலரைப் பிடித்துச் சோதிப்பார்கள். அதில் தேறாவிட்டால் ஸ்கோர் எதுவும் நிற்காது. ரைஃபிள் 5.5 கிலோவுக்குள் இருக்கணும்.

கோவை_அப்பா:
நன்றி. வாத்து நடையை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். 10.0 அடிப்பவளை 10.5-க்கு எப்படிக் கொண்டு போவது?

முட்டிக்கால்:
முதல்ல மானிட்டர்ல எல்லாக் குண்டையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. கூட்டமா ஒரே பக்கம் விழுந்திருந்தா கை நல்லாத்தான் இருக்கு, சைட்டுல, அதான் குறி பார்க்கிற பாகத்துல, திருகைத் திருப்பி ரெண்டு கிளிக் வைக்கணும். சைட்டர் நேரத்துலயே, அதாவது ஸ்கோர்ல சேராத ஆரம்பக் குண்டுகள் போடும்போதே, தைரியமா வைக்கச் சொல்லுங்க, பசங்க தொடப் பயப்படுவாங்க. சுத்தியும் சிதறி இருந்தா கிளிக் எதுவும் உதவாது. தினமும் பெல்லட் போடாம, ரைஃபிளைத் தூக்கி நிக்கிற வேலைதான்.