மறுமொழி: வானொலிக் கோபுரத்துக்கு 4 லட்சம் – முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்

எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ச் சமுதாய வானொலி நிலையத்தின் ஒடிந்த கோபுரத்துக்கு சிங்கப்பூர் மாமா 4 லட்சம் கேட்டதையும், கஜா புயலுக்குப் பிறகு வசூலித்த பணத்துக்கு ரசீது எங்கே என்று பெரியண்ணன் கேட்டதையும் படித்தேன். கேட்பது நியாயம்தான், எனக்கும் ரசீது வரவில்லை. ஆனால் அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது.

போன வாரம் என் தங்கை ஊருக்குப் போயிருக்கிறாள். நிகழ்ச்சி நடத்துகிற பெண் நிலையத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டையெல்லாம் ஈரத்தில் ஊறித் தொங்குகிறதாம். கம்ப்யூட்டர் ஒரு மாதமாக ஆன் ஆகவில்லை. இத்தனை வருஷப் பதிவும் அதன் ஹார்ட் டிஸ்க்குக்குள்தான், வேறெங்கும் நகல் இல்லை. 1977 புயல் ராத்திரி எங்களை நெல் குதிருக்குள் இறக்கி வைத்ததை அம்மா அதில்தான் பேசியிருக்கிறார். பின்னால் எங்கள் கிணற்று உருளை கிறீச்சிடுவது கேட்கும். அந்தக் கிணற்றையும் மூடிவிட்டார்கள், அம்மாவும் இல்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் மானம் போகிறது என்கிறார் மேலத்தெரு சித்தப்பா. கோபுரம் 30 மீட்டர் வரை போகலாம், 100 வாட் டிரான்ஸ்மிட்டர் பத்து கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும், எல்லாம் சரி. ஒடிந்தது போக மிச்சம் நிற்கிற கோபுரத்திலேயே நம்ம ஊருக்குக் கேட்கிறதே, அது போதாதா இப்போதைக்கு?

நமக்குப் பெருமை கோபுரத்தாலா வந்தது? பஞ்சாயத்து ரேடியோ அடியில் உட்கார்ந்து திருச்சி வானொலியில் கேட்டு ஆடுதுறை 27 நெல் ரகத்தைப் போட்டு, அதை ரேடியோ நெல் என்றே கூப்பிட்ட தாத்தாக்களின் ஊர் இது. 2006 கடைசியில் கல்லூரிகளுக்கு மட்டுமில்லாமல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி அனுமதி என்று வந்தபோது எத்தனை பேர் எத்தனை தடவை டெல்லிக்கு மனு எழுதினோம்! சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது விதி; அரசு வானொலிச் செய்தியை அப்படியே போடலாம் என்பதே பின்னால்தான் வந்தது. அதனால்தான் நம்ம நிலையம் பேச்சிலேயே வளர்ந்தது. மேட்டூர் திறந்து கல்லணைக்கு வந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும், எந்த மதகில் அடைப்பு என்று வாய்க்காலில் நிற்கிற ஆளையே பேச வைத்தார்கள். அப்புறம் அந்த மதகு விஷயத்தில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பதை நான் கிளறவில்லை.

என் பணத்தைக் கோபுரத்துக்கு இப்போது தரமாட்டேன். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எடுக்கத் தஞ்சாவூரில் ஆள் இருக்கிறார், அந்தச் செலவு முழுக்க என்னுடையது. கிடைப்பதை மூன்று வீட்டில் நகல் வைப்போம். கணக்குப் பெரியண்ணன் கையில் இருக்கட்டும்.

தங்கை ஞாயிறு வரைதான் ஊரில். அவள் பார்த்துவிட்டு வந்த மறுநாளே நிலையச் சாவி உங்கள் வீட்டுக்குப் போய்விட்டதாம் சித்தப்பா. நமக்குள் இருக்கிற வேலிச் சண்டையை நான் ஊருக்கு வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். சாவியை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.