எஸ்டீம் 1.3 என்ஜின்: சிமுலேஷனில் 118 எச்பி, டைனோவில் 76. எங்கே இடிக்கிறது?

எஸ்டீம்_16வி
வணக்கம், கொஞ்சம் அவசரம். என்னுடைய மாருதி எஸ்டீம் 1.3 காருக்கு ஹெட் போர்ட்டிங் செய்து (சிலிண்டர் ஹெட்டில் காற்று போகிற வழிகளைச் செதுக்கி), வால்வுகளைத் திறக்கிற கேமும் மாற்றியிருக்கிறேன். அதே அளவுகளைப் போட்டு கணினியில் என்ஜின் சிமுலேஷன் ஓட்டினால் 118 எச்பி காட்டுகிறது. போன வாரம் வண்டியை ரோலர் மேல் ஓட்டித் திறனை அளக்கிற டைனோவில் ஏற்றினால் 76 தான். ஹெட் வேலையைச் சந்தேகப்படுவதா, சாஃப்ட்வேரைச் சந்தேகப்படுவதா? அடுத்த கேமுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், அதற்குள் தெரிந்தால் நல்லது. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

ரெண்டாம்_கியர்
எந்த சாஃப்ட்வேர்? கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீச்சுகிற) வண்டியா? 76 சக்கரத்தில் அளந்ததா, கிராங்க்கிலா (என்ஜின் தண்டிலா)? 118 எந்த ஆர்பிஎம்மில்? ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்கள்) மாற்றினீர்களா? இதெல்லாம் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பெட்ரோல்_வாசம்
ரோலரில் டயர் வழுக்கியிருக்கும். முன்சக்கர வண்டியை ரோலரில் கட்டும்போது பட்டையைச் சரியாக இழுக்காவிட்டால் அளவு குறையத்தான் செய்யும். முதலில் டயர் காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

எஸ்டீம்_16வி
எம்பிஎஃப்ஐ, 2002 மாடல். சாஃப்ட்வேர் ஓபன்-வாம். 76 சக்கரத்தில்தான். டயர் வழுக்கவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஃப்ளைவீல்
தம்பி, இந்தப் பகுதிக்கு வருகிற எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். சாஃப்ட்வேர் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்கு முன் ஒரு தாள், ஒரு பேனா. அவ்வளவுதான் வேண்டும்.

ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியே இருக்கிற) எம்பிஎஃப்ஐ எஸ்டீம் 6000 ஆர்பிஎம்மில் 85 குதிரை, அதாவது ஏறக்குறைய 62.5 கிலோவாட். போர் 74 மிமீ, ஸ்ட்ரோக் 75.5 மிமீ, கொள்ளளவு 1298 சிசி. நான்கு வீச்சு என்ஜினில் திறனை 120-ஆல் பெருக்கி, கொள்ளளவு × ஆர்பிஎம்மால் வகுத்தால் பிஸ்டன் மேல் வேலை செய்கிற சராசரி அழுத்தம் வரும். ஸ்டாக்குக்கு 9.6 பார். நியாயமான எண். உங்களுடைய 118 எச்பி 88 கிலோவாட். ஆர்பிஎம் சொல்லவில்லை, 6500 என்று வைத்துக்கொள்கிறேன். 12.5 பார் வருகிறது. டர்போ இல்லாத நல்ல தயாரிப்பு என்ஜின்களே உச்ச முறுக்குவிசை வருகிற இடத்தில் 11, 12 பாருக்குத்தான் மூச்சு வாங்கும். நீங்கள் 6500-இல் 12.5 கேட்கிறீர்கள். இதைப் பார்த்த உடனேயே உள்ளீடு தப்பு என்று புரிந்திருக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் ஒருபரிமாண சிமுலேஷனுக்குப் போகாதீர்கள்.

ரெண்டாம்_கியர்
கணக்கு சரி ஐயா, சொல்கிற விதம்தான்... புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்வார்கள்.

லோப்_சென்டர்
எனக்கு கேம் மேல்தான் சந்தேகம். டியூரேஷனை (வால்வு திறந்திருக்கிற டிகிரியை) எந்த லிஃப்டில் (வால்வு எழுகிற உயரத்தில்) அளந்தது போட்டீர்கள்? கேம் அரைப்பவர் சொல்கிற 270, 276 டிகிரியெல்லாம் சீட்டை விட்டு வால்வு லேசாக எழுகிற இடத்திலிருந்து கணக்கு. 1 மிமீ லிஃப்டில் அளந்தால் அதே கேம் நிறையக் குறைவாகக் காட்டும். சாஃப்ட்வேர் எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் பெரிய எண்ணைப் போட்டால் கேமின் புடைப்பான லோப் கொழுத்துவிடும், மேல் ஆர்பிஎம்மில் திறனும் ஏறிவிடும். ஒரு டிகிரி வீலும் டயல் கேஜும் எடுத்து, ஐந்து டிகிரிக்கு ஒருமுறை லிஃப்டை அளந்து அட்டவணையாகவே கொடுத்துவிடுங்கள்.

எஸ்டீம்_16வி
லிஃப்ட் அட்டவணையாகத்தான் போட்டிருக்கிறேன் அண்ணா, டயல் கேஜில் அளந்தது. 118 வருவது 6500-இல்தான். இன்டேக் மேனிஃபோல்டு கம்பெனியில் வந்ததே, ஹெடர் 4-2-1 (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது). ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினி) ஸ்டாக்.

நாலுசக்கரம்
எல்லோரும் எதற்காக இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? 76-ஐ 0.85-ஆல் வகுத்தால் 89. கிராங்க்கில் 89 எச்பி. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு வரும்போது 15 சதவீதம் போகும், எல்லா வண்டிக்கும் பொதுவான விதி.

ரெண்டாம்_கியர்
பொதுவான விதி என்று ஒன்று கிடையாது. எஸ்டீமில் என்ஜின் குறுக்காக இருக்கிறது, கடைசி கியரும் சாய்பல் கியர்தான். பின்சக்கர வண்டியின் ஆக்ஸிலில் இருக்கிற ஹைப்பாய்டு கியரில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும், அங்கே இழப்பு கூடுதல். இரண்டுக்கும் ஒரே 15 எப்படிச் சரியாகும்?

நாலுசக்கரம்
நான் பார்த்த டைனோ தாளிலெல்லாம் 15 தான் போட்டிருக்கிறார்கள்.

ரெண்டாம்_கியர்
டைனோக்காரர் 15 என்று நிரப்பினால் தாளில் 15 தான் வரும். அது அளந்த எண் இல்லை. இழப்பில் ஒரு பகுதி எண்ணெயைக் கலக்குவதிலும் பேரிங்கிலும் போகிறது, அது வேகத்தைப் பொறுத்தது. இன்னொரு பகுதி பற்களின் மேல் விழும் சுமையைப் பொறுத்தது. என்ஜின் திறன் கூடினால் முதல் பகுதி கூடாது. அதனால் சதவீதம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

பெட்ரோல்_வாசம்
கிளட்சை மிதித்துவிட்டு ரோலர் தானாக வேகம் குறைவதை அளந்தால் இழப்பு தெரிந்துவிடுமே?

ரெண்டாம்_கியர்
பாதி தெரியும். அப்போது பற்களில் சுமை இல்லை, அதனால் வருகிற எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

காற்றளவு
கியர்பாக்ஸ் சண்டையைத் தனி இழைக்குக் கொண்டுபோங்கள், முக்கியமான விஷயம் அமுங்கிப்போகிறது. 0.85-ஓ 0.90-ஓ, எதை வைத்தாலும் 76-க்கும் 118-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் மூடாது.

எஸ்டீம் நண்பரே, இரண்டு விஷயம் கொடுங்கள். ஒன்று, 6500-இல் சாஃப்ட்வேர் காட்டுகிற வால்யூமெட்ரிக் எஃபிசியன்சி (சிலிண்டர் கொள்ளளவோடு ஒப்பிட்டால் உள்ளே வருகிற காற்று எவ்வளவு என்பது). இரண்டு, இன்டேக் வால்வின் டிஸ்சார்ஜ் கெழு அட்டவணை, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதோடு. ஃப்ளோ பெஞ்சில் (ஹெட் வழியாகப் போகிற காற்றோட்டத்தை அளக்கிற கருவியில்) எத்தனை அங்குல நீர் அழுத்தத்தில் அளந்தார்கள் என்பதும் வேண்டும். 10 அங்குலத்தில் அளந்ததை 28 அங்குலம் என்று எடுத்துக்கொண்டாலோ, 28-இல் அளந்ததை 10 என்று எடுத்துக்கொண்டாலோ, ஓட்டம் 1.67 மடங்கு தப்பாகும்.

எஸ்டீம்_16வி
6500-இல் 1.14. பெஞ்ச் 28 அங்குலம், தாளிலேயே எழுதியிருக்கிறது. கெழு: 2 மிமீ லிஃப்டில் 1.24, 4 மிமீயில் 1.17, 6 மிமீயில் 1.03, 8 மிமீயில் 0.87. பெஞ்சில் வந்த ஓட்டத்தை, வால்வு விட்டம் × பை × லிஃப்ட் பரப்பில் போக வேண்டிய ஓட்டத்தால் வகுத்தேன்.

காற்றளவு
இதுதான். டிஸ்சார்ஜ் கெழு என்பது அந்தப் பரப்பில் கோட்பாட்டுப்படி போகக்கூடிய காற்றில் உண்மையில் எவ்வளவு போகிறது என்பது. அது 1-ஐத் தாண்டவே முடியாது. வால்வு ஓரத்தில் காற்று சுருங்கித்தான் போகும், குறைந்த லிஃப்டில் நல்ல சீட் வெட்டுக்கே 0.6, 0.7 பக்கம்தான் வரும்.

உங்கள் என்ஜின் 16 வால்வு. பெஞ்சில் போர்ட்டை வைக்கும்போது இரண்டு இன்டேக் வால்வையும் சேர்த்துத் திறந்திருப்பார்கள். அந்த மொத்த ஓட்டத்தை நீங்கள் ஒரே வால்வின் பரப்பால் வகுத்திருக்கிறீர்கள். மாடலில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு வைத்து, ஒவ்வொன்றுக்கும் இந்தக் கெழுவையே கொடுத்திருந்தால் காற்று இரண்டு மடங்கு போகிறது. எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்: 0.62, 0.585, 0.515, 0.435. பார்த்தாலே உண்மையான ஹெட் மாதிரி இருக்கிறது. எக்ஸாஸ்டையும் அதே மாதிரி கணக்கிட்டிருந்தால் அதையும்.

1.14-உம் அங்கேயிருந்துதான் வருகிறது. இன்டேக் நீளத்தைச் சரியாக டியூன் செய்த ரேஸ் என்ஜின் ஒரு குறுகிய ஆர்பிஎம் இடைவெளியில் 1-ஐத் தாண்டும். கம்பெனி இன்டேக் மேனிஃபோல்டு 6500-இல் 1.14 தராது.

ஹெட் வேலை செய்தவரை இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். பெஞ்ச் எண்கள் நன்றாகவே இருக்கின்றன.

ஃப்ளைவீல்
காற்றளவு சொன்னது சரி. ஆனால் பாதியாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். உராய்வுக் கெழுக்களில் இயல்பாக வருவதை அப்படியே விட்டிருப்பீர்கள். இந்த என்ஜினில் 6500-இல் உராய்வு அழுத்தம் 1 பார் மாறினால் 7 கிலோவாட், அதாவது 9 எச்பிக்கு மேல் மாறும். காற்றையும் பாருங்கள். டைனோ எங்கே?

எஸ்டீம்_16வி
கோவை ஐயா. மதியம் ஓட்டியது.

ஃப்ளைவீல்
கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல். அங்கே அழுத்தம் 965 மில்லிபார் பக்கம் இருக்கும். மதியம் 35 டிகிரி என்று வைத்தால், கடல் மட்டத்து 25 டிகிரிக் காற்றைவிட அடர்த்தி 8 சதவீதம் குறைவு. டைனோ தாளில் திருத்தம் போட்டிருக்கிறதா, எந்தத் தரப்படி என்று பாருங்கள். எஸ்ஏஇ ஜே1349 என்றால் 25 டிகிரி, 990 மில்லிபார். பழைய தரத்தில் போட்டிருந்தால் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். திருத்தாத எண் என்றால் மாடலிலும் 965, 35 என்றே கொடுங்கள். இரண்டையும் ஒரே காற்றில் நிறுத்தாமல் ஒப்பிடுவது வீண் வேலை.

லோப்_சென்டர்
கூடவே ஒன்று. ஸ்டாக் கேம், ஸ்டாக் ஹெட், ஸ்டாக் எக்ஸாஸ்ட் போட்டு முதலில் 85 வருகிறதா என்று பாருங்கள். அது வராத மாடலில் புது கேமை ஓட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அது வந்துவிட்டால், இந்த கேமுக்கும் அடுத்த கேமுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம்.

நாலுசக்கரம்
85 பிஎஸ்ஸா (மெட்ரிக் குதிரைத்திறனா), பிஎச்பியா? அதையும் பார்க்கணும். 85 பிஎஸ் என்றால் 83.8 எச்பிதான்.

ரெண்டாம்_கியர்
ஒரு எச்பி வித்தியாசம். இங்கே அது பிரச்சினை இல்லை.

நாலுசக்கரம்
15 சதவீதத்துக்கு மட்டும் அவ்வளவு எழுதினீர்களே!

எஸ்டீம்_16வி
இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் பாதியாக்கினேன். 97 வருகிறது. நன்றி காற்றளவு அண்ணா. தாளில் திருத்தம் எதுவும் போடவில்லை. மாலையில் 965, 35 போட்டு ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.

காற்றளவு
நல்லது. 97 என்றால் 6500-இல் 10.3 பார், நம்பக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காற்றைக் கொடுத்தால் 90-க்குப் பக்கத்தில் இறங்கும். மிச்சம் உராய்விலும் ஸ்டாக் ஈசியூவின் இக்னிஷன் டைமிங்கிலும் இருக்கும்.

லோப்_சென்டர்
எண் என்ன வந்தது? கேம் ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா?

பெட்ரோல்_வாசம்
இதே ஜி13 என்ஜின், ஜிப்சியில் போட்டிருக்கிறேன். உங்கள் மாடல் கோப்பை இங்கே ஏற்ற முடியுமா?